யூஎஸ்பியா, ஐந்து பின் மிடியா?

தைப்பூசத்துக்கு ஒரு முருகன் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்ய, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கீபோர்டோடு வந்தார். பின்னால் இரண்டு துளைகள்: ஒன்று யூஎஸ்பி, மற்றது ஐந்து பின் மிடி (இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை). லேப்டாப்போடு இணைக்க எதில் செருகுவது என்று குழப்பம்.

எதில் செருகினாலும் மிடி ஒலியைக் கொண்டுபோவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பது போன்ற செய்திகள் மட்டும்தான் போகும். விலையுயர்ந்த கேபிளால் ஒலி இனிமையாகாது.

செலவு: யூஎஸ்பிக்குப் பெரும்பாலும் பிரிண்டர் கேபிளே போதும், லோயாட் பிளாசாவில் வாங்கலாம். ஐந்து பின்னுக்கு மிடி துளையுள்ள ஆடியோ இன்டர்பேஸ் (இசைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போன்ற ஒரு கருவி வேண்டும்.

நீளம்: யூஎஸ்பி கேபிள் அதிகபட்சம் 5 மீட்டர். ஐந்து பின் 15 மீட்டர்.

வேகம்: 1983இல் வந்த ஐந்து பின் முறை நொடிக்கு 31,250 பிட்தான். ஆனாலும் ஒரு சுரம் போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் போதும். கட்டையை அழுத்தியபின் ஒலி தாமதித்தால், கேபிளை விட்டுவிட்டு மென்பொருளில் பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிளுக்குக் குறைத்துப் பாருங்கள்.

இரைச்சல்: இங்கேதான் உண்மையான வித்தியாசம். கீபோர்டின் ஆடியோ வயரும் யூஎஸ்பியும் ஒன்றாக மாட்டியிருந்தபோது ஸ்பீக்கரில் விடாத ரீங்காரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. ஐந்து பின் இணைப்பில் செய்தி ஒளி வழியாகக் கடப்பதால், யூஎஸ்பி வழியே அந்த இரைச்சலைக் கொண்டுவந்த மின்தொடர்பு இருக்காது.

லேப்டாப் மென்பொருளின் ஒலியை மட்டும் வாசிக்கிற தம்பிக்கு யூஎஸ்பியே சரி. கீபோர்டின் சொந்த ஒலியையும் பதிவு செய்பவர்கள், யூஎஸ்பி துளை இல்லாத பழைய சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) வைத்திருப்பவர்கள் ஐந்து பின்னுக்குப் போங்கள். கீபோர்டின் ‘அவுட்’, இன்டர்பேஸின் ‘இன்’னில் சேர வேண்டும்.