டேப்பட் கவருக்கு எந்தப் பூச்சு: ரிங்கிள் கேனா, பவுடர் கோட்டிங்கா, பாலிஷா?

பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது டேப்பட் கவர், எஞ்சினின் வால்வுகளுக்கு மேலே இருக்கும் மூடி. எண்ணெய்க் கசிவும் தூசியும் சேர்ந்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் வண்டியைப் பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டிலேயே கழற்றிப் புதுப்பிக்கலாம் என்று இறங்குபவர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஸ்ப்ரே கேனில் வரும் எஞ்சின் எனாமல், அதே போல கேனில் வந்து, காய்ந்ததும் சுருக்கம் விழும் ரிங்கிள் பெயிண்ட், கடையில் கொடுத்து பொடியை அடுப்பில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங், பெயிண்டே வேண்டாமென்று வெறும் உலோகத்தைப் பாலிஷ் போடுவது. எல்லாரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். நான் கவரைத் திருப்பிப்போட்டு உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன்.

இரண்டு கவர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுடையது. அழுத்தி வளைத்த இரும்புத் தகடு, மேலே இரண்டே போல்ட், கீழே கசிவைத் தடுக்கும் கார்க் பேக்கிங். இன்னொன்று 1998-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியுடையது. அலுமினிய வார்ப்பு, ரப்பர் பேக்கிங் உட்காரும் பள்ளம், ஸ்பார்க் பிளக் இறங்கும் குழிகள், உள்ளே எண்ணெய்த் தெறிப்பைத் தடுக்கும் தகடு. ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பாகங்கள்தான், ஆனால் ஒன்றுக்குச் சரியான பூச்சு மற்றதற்குச் சரிவராது. புதிய வண்டிகள் பலவற்றில் இந்தக் கவரே பிளாஸ்டிக். அதைத் துடைத்து வைத்தாலே போதும்.

முதலில் ஒரு தவறான தேர்வை ஒதுக்கிவிடலாம். எஞ்சின் சூடாகும் என்று பயந்து, சைலன்சருக்கு அடிக்கிற 600 டிகிரி பெயிண்டை வாங்கிவருபவர்கள் உண்டு. டேப்பட் கவர் அவ்வளவு சூடாவதில்லை, உள்ளே தெறிக்கும் எண்ணெயின் சூடு, ஏறக்குறைய 100 டிகிரி, அவ்வளவுதான். சைலன்சர் பெயிண்டோ நல்ல சூட்டில் வெந்தால்தான் இறுகும். கவரில் அந்தச் சூடு கிடைக்காததால் கடைசிவரை இறுகாமலேயே இருந்து, பெட்ரோல் நனைத்த துணி பட்டதும் கையோடு வந்துவிடும். இந்த இடத்தில் பெயிண்டுக்கு எதிரி சூடு இல்லை. எண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில் மூன்றும்தான், அதிலும் பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் கொப்பளித்துவிடும்.

கழற்றுவது பெரிய வித்தையில்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதிவிட்டு உருவுங்கள். எஞ்சினின் உள்ளாவி போகும் குழாயான பிரீதர் ஹோஸைத் திருகிக்கொண்டே இழுங்கள். பழைய ரப்பர் கெட்டித்துப்போய் ஒடியும் என்பதால் புதிதாக ஒன்று கைவசம் இருப்பது நல்லது. கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள், ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்ப வேண்டாம். அலுமினியத்தில் விழும் சின்ன வெட்டு பிறகு நிரந்தரக் கசிவாகிவிடும். கவருக்கு அடியில் திறந்து கிடக்கும் எஞ்சின் ஹெட்டைப் பழைய வேட்டித் துணியால் மூடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் இதற்கு ஆகாது, நூல் நூலாகப் பிரிந்து உள்ளே விழும்.

அடுத்தது சுத்தம் செய்வது. இங்கேதான் இரண்டு கவர்களும் பிரிகின்றன. இரும்புக் கவரைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் பெயிண்ட் தோலுரித்ததுபோல் வரும். அலுமினியத்தை அதில் போட்டால் காஸ்டிக் பெயிண்டை விட்டுவிட்டு உலோகத்தையே தின்ன ஆரம்பிக்கும். நுரை பொங்கும், வெளிவரும் வாயு ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்றவைத்தால்கூட ஆபத்து. அலுமினியத்துக்கு பெயிண்ட் ரிமூவர், பித்தளை பிரஷ், டீசல், கடைசியில் சோப்புத் தண்ணீர், பொறுமை. சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே அந்தத் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் புகுந்த மணல் எவ்வளவு ஊதினாலும் முழுசாக வெளியே வராது. வண்டி ஓடத் தொடங்கியதும் எண்ணெயோடு இறங்கி பேரிங்கில்தான் போய் உட்காரும். தகடு ஸ்க்ரூவில் இருந்தால் கழற்றிவிடலாம். ரிவெட் என்றால் துளைத்தெடுத்து, திரும்பப் பொருத்தும்போது மரை போட்டு ஸ்க்ரூ வைக்க வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் பிளாஸ்டிங் வேண்டாம்.

பவுடர் கோட்டிங் கடையில் பிளாஸ்டிங் செய்துவிட்டுத்தான் அடிப்பார்கள் என்றால், இந்தத் தகட்டுக் கதை அங்கேயும் பொருந்தும். பூச்சாக மட்டும் பார்த்தால் நான்கில் பவுடர்தான் உறுதி. 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் உருகி ஒரே தோலாகப் படிகிறது. எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் துடைத்துவிடலாம். ஆனால் அந்தச் சூட்டில் வார்ப்பின் நுண்துளைகளில் வருடக்கணக்காக ஊறிய எண்ணெய் ஆவியாகி வெளியே வரும், பூச்சில் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழும். அதனால் பவுடர் அடிக்கும் முன் வெறும் கவரை ஒருமுறை அடுப்பில் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். கேட்டும் கிரில்லும் அடிக்கிற கடையில் இதைச் சொன்னால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பவுடர் படக்கூடாத இடங்களை மூடி மாஸ்கிங் செய்யச் சொன்னாலோ, “மாஸ்கிங் எல்லாம் எதுக்குங்கண்ணா, அடிச்சிட்டு அப்புறம் சுரண்டிக்கலாம்” என்பதுதான் கோயம்புத்தூர்ப் பக்கம் கிடைக்கிற பதில். சுரண்ட முடியாது. பேக்கிங் பள்ளத்தில் பவுடர் படிந்து இறுகினால் பேக்கிங் சரியாக உட்காராது. பள்ளம், போல்ட் துளை, பிளக் குழியின் சீல் உட்காரும் வளையம் எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பால் நீங்களே மூடிக்கொண்டு போய்க் கொடுங்கள். சீல்களை முன்பே எடுத்துவிடுங்கள், அடுப்பில் வெந்துபோகும்.

ரிங்கிள் பெயிண்டுக்கு இத்தனை நிபந்தனை இல்லை. மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் இருக்கும் ஈரம் பின்தங்குவதால் தோல் சுருங்கிச் சுருக்கம் விழுகிறது. மற்ற பெயிண்டில் கோளாறாக இருப்பது இதில் அழகு. அதனால் வார்ப்பின் சின்னக் கீறல், உப்புத்தாள் தடம் எல்லாம் மறைந்துபோகும். மெலிதாக அடித்தால் சுருக்கமே வராது. தடிப்பாக, முதல் கோட் நீளவாக்கில், ஐந்து நிமிடம் விட்டு அடுத்தது குறுக்குவாக்கில், அப்புறம் சூடு. சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் வைத்தால் தானாகச் சுருங்கும். மார்கழிக் காலையில் அடித்தால் ஒரு மூலை பொடிச் சுருக்கமாகவும் மறு மூலை வழவழவென்றும் நிற்கும், அப்போது ஹீட் கன் வேண்டும். சமையல் ஓவனை இதற்குத் தொடாதீர்கள். வீட்டு ஓவனில் நான்கு சிலிண்டர் கவர் பெரும்பாலும் நுழையாது என்பது ஒரு ஆறுதல்.

இதில் இன்னொரு வசதி, எழுத்துகள். பெயிண்ட் நன்றாக இறுகியபின் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மேடான எழுத்துகளின் தலையை மட்டும் தேய்த்தால், கறுப்புச் சுருக்கத்தின் நடுவே வெள்ளி எழுத்து எழுந்து நிற்கும். பவுடரிலும் செய்யலாம், ஆனால் கை வலிக்கும். ரிங்கிளின் குறை, அந்தச் சுருக்கங்களுக்குள் தூசியும் எண்ணெயும் புகுந்துகொள்வது. பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்க வேண்டியிருக்கும்.

சாதா எஞ்சின் எனாமலை நான் அம்பாசடர் கவருக்குத்தான் பரிந்துரைப்பேன். வழவழப்பான தகட்டில் ரிங்கிள் அடித்தால் ஏதோ ஒட்டவைத்ததுபோல் இருக்கும். பிரைமர் போட்டு, இரண்டு மெல்லிய கோட், ஒரு ஈரக் கோட் என்று அடித்தால் போதும். அதற்கு முன்னால் கவரைத் தட்டையான தளத்தில் கவிழ்த்துப் பாருங்கள். யாரோ போல்ட்டை இறுக்கித் தள்ளியதில் விளிம்பு வளைந்திருந்தால், தட்டி நிமிர்த்தாமல் என்ன பூச்சு அடித்தும் பயனில்லை. குரோம் முலாம் ஆசை இருந்தால் அதற்கும் இந்தக் கவர்தான் தோதானது.

பாலிஷ் எனக்குப் பிடிக்காது. 220-ம் நம்பரில் தொடங்கி 1000-ம் நம்பர் வரை உப்புத்தாள், பிறகு பஃபிங். மேடு பள்ளம் நிறைந்த வார்ப்பில் விரல் நுழையாத இடமெல்லாம் மங்கலாகவே நிற்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் பளபளப்பு சீக்கிரமே மங்கிவிடும். ஞாயிறுதோறும் துடைக்கிற ஆள் என்றால் செய்யுங்கள்.

ஆக, என் வரிசை இது. அலுமினியக் கவர், வீட்டு வேலை என்றால் ரிங்கிள். தகட்டைக் கழற்றவும், கடைக்காரரோடு மல்லுக்கட்டவும் தயார் என்றால் பவுடர். இரும்புக் கவருக்கு எனாமல்.

திரும்ப மாட்டும்போது பழைய பேக்கிங்கைப் போடாதீர்கள். ஹோண்டாவில் பேக்கிங் மடங்கும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிகான், சுற்றிலும் பிதுக்கினால் மிச்சம் உள்ளே விழுந்து எண்ணெய் வழியை அடைக்கும். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே மாற்றி மாற்றி இறுக்குங்கள், 9.8 நியூட்டன் மீட்டர் போதும். அம்பாசடரின் கார்க்குக்கு அதைவிடவும் குறைவு. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேறியபின் டார்ச் அடித்துப் பின்பக்க மூலைகளையும் பிளக் குழிகளையும் பாருங்கள், கசிவு இருந்தால் முதலில் அங்கேதான் தெரியும்.