மணல் மூட்டையால் சாய்த்த படகு: தேங்காப்பட்டணத்தில் நாங்கள் ஏமாந்த விதம்

கடந்த தை மாதம் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, வேக்சர்ஃபிங் (படகு எழுப்பும் அலைமேல் பலகையில் நின்று செல்லும் விளையாட்டு) கற்றுத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு படகுக்காரரிடம் மூன்று பேருக்கு 9,000 ரூபாய் பேசி, அதில் 4,000 ரூபாயை முன்பணமாக ஜிபேயில் அனுப்பினேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் செய்ததை வேறு எவரும் செய்யக்கூடும் என்பதால், என்ன செய்தார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

நான் துபாயில் ஒரு படகுத்துறையில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த விளையாட்டுக்கான படகுகளைக் கழுவி, பாரம் நிரப்பி, கயிறு கட்டிக் கொடுப்பது என் அன்றாட வேலை. ஆகவே ஏமாந்தவன் ஒன்றும் அறியாதவன் அல்லன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

படகு மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வரையிலான மெதுவான வேகத்தில் போகும்போது, அதன் பின்பகுதி நீரைத் தள்ளி எழுப்பும் அலையின்மேல் பலகையில் நின்று செல்வதே வேக்சர்ஃபிங். கயிறு எழுந்து நிற்பதற்கு மட்டும்தான். அலை பிடிபட்டதும் அதைக் கைவிட்டுவிடலாம். அலை உயரமாகவும் சீராகவும் அமைய வேண்டுமானால் படகின் பின்மூலை ஒன்று நீருக்குள் சற்று ஆழ்ந்திருக்க வேண்டும். அதற்காகவே சவாரி செய்பவர் இருக்கும் பக்கத்தில் கூடுதல் பாரம் வைத்துப் படகைச் சாய்க்கிறார்கள். இடக்காலை முன்வைத்து நிற்பவர் அலையைப் பார்த்தபடி செல்ல இடப்பக்கமும், வலக்காலை முன்வைப்பவருக்கு வலப்பக்கமும் சாய வேண்டும். இக்காலப் படகுகளில் பாரத்தை இருபுறமும் ஏறக்குறையச் சமமாக வைத்து, பின்புறத்தில் நீளும் ஒரு தகட்டைக் கொண்டே அலையை உருவாக்கிவிடுவதால், பெரிதாகச் சாய்க்கும் தேவையே குறைந்துவிட்டது.

தொலைபேசியில் பேசியபோது, எஞ்சின் படகின் உள்ளே இருக்கும் என்றும், பாரத்துக்குத் தண்ணீர்ப் பைகளும் அவற்றை நிரப்ப பம்பும் உண்டு என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடும் குழித்துறை தாமிரபரணி ஆறு தேங்காப்பட்டணத்தில் கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஆற்றங்கரையில் நாங்கள் கண்டதோ, பின்பலகையில் அவுட்போர்டு எஞ்சின் தொங்கிய ஒரு ஃபைபர் படகு. வலப்பக்கத்தில் எட்டு சிமென்ட் சாக்குகளில் மணல். பம்பு எங்கே என்று கேட்டதற்கு, "மணல்தான் அண்ணே நல்லது, ஆடாம கெடக்கும்" என்றார்.

அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். அவுட்போர்டு எஞ்சினின் விசிறி படகுக்கு வெளியே, பின்னால் சுழல்வது. வேக்சர்ஃபிங் செய்பவரோ படகின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறார். அவர் முன்னால் விழுந்தால் நேராக விசிறியிடம்தான் போவார். உள் எஞ்சின் படகுகளில் விசிறி படகின் அடியில், பின்விளிம்புக்கு முன்னதாகவே அமைந்திருப்பதால்தான் பெரும்பாலும் அவற்றையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும், சித்தி மகனும் அவனுடைய நண்பனும் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஆசையோடு நின்றதைப் பார்த்து, மெதுவாகத்தானே போகப்போகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாக்குக் கணக்கையும் சொல்கிறேன். ஒரு சாக்கு 40 கிலோ என்றார் அவர். 50 கிலோ சிமென்ட் கொள்ளும் சாக்கின் கொள்ளளவு ஏறக்குறைய 35 லிட்டர். அதில் ஈர மணலை நிரப்பினால் 60 கிலோவைத் தாண்டும். எட்டுச் சாக்குகளும் சேர்ந்து அரை டன்னுக்கு அருகில் வந்துவிடும். ஓட்டுநரின் இருக்கையும் அதே வலப்பக்கத்தில்தான் இருந்தது. போதாக்குறைக்கு, என்னையும் அந்த நண்பனையும் அங்கேயே உட்காரச் சொன்னார். சித்தி மகன் இடக்காலை முன்வைப்பவன் என்பதால் அவனுக்கு இடப்பக்கம்தான் சாய்ந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, மூட்டைகளை மாற்ற நேரமில்லை என்றார். வலப்பக்க விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

மூன்றாவது முயற்சியில் அவன் எழுந்து நின்று சில விநாடிகளில் விழுந்தான். ஓட்டுநர் சட்டென்று எஞ்சினைத் தணித்தார். படகு நின்ற வேகத்தில், அதுவரை பின்னால் வந்துகொண்டிருந்த அலை எங்களை எட்டிப் பிடித்து, எஞ்சினுக்காகத் தாழ வெட்டியிருந்த பின்பலகையின் மேலாக உள்ளே புகுந்தது. புகுந்த நீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடியது, ஓடிய நீரால் அந்தப் பக்கம் இன்னும் தாழ்ந்தது, எஞ்சின் அணைந்தது. தண்ணீர்ப் பை படகுக்குள் நீர் ஏறினாலும் அதைக் கீழே இழுக்காது, ஏனெனில் நீருக்குள் நீருக்கு எடை இல்லை. மணல் மூட்டையோ மூழ்கிய பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் மூட்டைகளை வெளியே தள்ள முயன்றபோது நனைந்த சாக்குகள் கிழிந்து, மணல் படகுக்குள்ளேயே கொட்டியது.

அருகே வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு வள்ளத்தில் இருந்தவர்கள்தான் முதலில் சித்தி மகனைத் தூக்கி, பிறகு எங்கள் படகைக் கயிறு கட்டி மணல் திட்டுக்கு இழுத்துச் சென்றார்கள். அவர்களில் மூத்தவர், "மீனையே ஒரு பக்கமாட்டு ஏத்த மாட்டோம், மனுசன ஏத்தியிருக்கியே" என்று ஓட்டுநரைக் கடிந்துகொண்டார். துறைமுக வாயிலில் வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போவதைக் கண்ட ஊர் அது.

இப்படி ஒரு சவாரிக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள், முன்பணம் அனுப்பும் முன்பே படகின் பின்புறப் படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் வெளியே தொங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். படகு தாங்கும் மொத்த எடையில் ஆட்கள், எரிபொருள், பாரம் எல்லாமே அடங்கும் என்பதால், எத்தனை கிலோ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் ஏறுங்கள். தண்ணீர்ப் பை இருந்தாலும் அது முழுக்க நிரம்பியிருக்க வேண்டும், இல்லையேல் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். அரைகுறையாக நிரம்பிய பையில் நீர் அலைந்து, படகு சாயும் பக்கத்துக்கே பாரத்தைக் கொண்டுபோகும். உள்ளே புகும் நீரை வெளியேற்றும் பம்பை ஒருமுறை ஓடவிட்டுக் காட்டச் சொல்வதில் தவறில்லை. உள் எஞ்சின் படகானாலும், எஞ்சின் ஓடும்போது பின்படியில் அமர்ந்திருக்கவோ அதைப் பிடித்துத் தொங்கவோ கூடாது; புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பதிவுச் சான்றும் காப்பீடும் கேளுங்கள்; 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இரண்டையும் கேட்கிறது.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கிழிந்த சாக்குகளுக்கும் நனைந்த எஞ்சினுக்கும் நானே பணம் தர வேண்டும் என்றார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அவருடைய விளம்பரம் இன்னும் ஓடுகிறது; அதில் புதிதாகச் சேர்த்திருக்கும் காணொளியில், சித்தி மகன் எழுந்து நிற்கும் அந்தச் சில விநாடிகள் மட்டும் இருக்கின்றன.