நிரலை ஓட்டிப் பார்க்கலாமா? மறுவாசிப்புக்கு மூன்று கட்டுரைகள்

புதிதாக நிரல் எழுதப் பழகுபவர் கணினியை எப்படிப் பயன்படுத்த வேண்டும்? டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988 டிசம்பரில் எழுதிய இ.டபிள்யூ.டி. 1036 (அவர் தன் கட்டுரைகளுக்கு இட்ட வரிசை எண்), கணினி அறிஞர் பீட்டர் நார்விக்கின் 'பத்து ஆண்டுகளில் நிரலாக்கம்', இடைமுக வடிவமைப்பாளர் பிரெட் விக்டரின் 'லேர்னபிள் புரோகிராமிங்' (கற்கத்தக்க நிரலாக்கம், 2012) ஆகிய மூன்றும் இதற்கு வெவ்வேறு பதில் சொல்கின்றன.

சோதிக்க ஒரு சின்ன நிரல்: பட்டியலில் மிகப்பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் லூப், அதாவது ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே வேலையைத் திரும்பச் செய்யும் பகுதி. 'பெரியது' என்ற மாறிக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயருக்கு) 0 கொடுத்துத் தொடங்குகிறார் மாணவர். 4, 9, 2 கொடுத்தால் 9 வருகிறது. சரி என்று நகர்ந்துவிடுகிறார். -3, -7, -2 கொடுத்தால் விடை 0. பட்டியலிலேயே இல்லாத எண்.

டைக்ஸ்ட்ராவிடம் இந்தத் தவறு தப்பாது. கல்லூரியில் எந்தக் கணினியிலும் ஓடாத மொழியில் முதலாண்டு மாணவர் நிரல் எழுத வேண்டும், அது சரி என்று நிரூபிக்கவும் வேண்டும் என்கிறார். அடாவடியாகத் தெரியும். ஆனால் 'இதுவரை பார்த்தவற்றுள் பெரியது இந்த மாறியில் இருக்கிறது' என்று லூப்புக்கு மேலே ஒரு வரி எழுதிப் பாருங்கள். முதல் சுற்றுக்கு முன்பே அந்த வரி பொய்: இன்னும் எந்த எண்ணையும் பார்க்கவில்லை, மாறியிலோ 0. பட்டியலின் முதல் எண்ணை வைத்துத் தொடங்கினால் மெய்யாகும்; காலிப் பட்டியல் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் தானாக எழும். எந்த உள்ளீடும் தேவைப்படவில்லை. இக்கட்டுரையை 1989 டிசம்பர் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.' இதழில், ஹாமிங், வினோகிராட் முதலிய கணினி அறிஞர்களின் எதிர்வினைகளோடு சேர்த்துப் படிப்பதே நல்லது. தனியாகப் படித்தால் அவருடைய கிண்டல் கண்ணைக் கட்டிவிடும்.

விக்டர் நேர் எதிர்: ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு திரையில் தெரிய வேண்டும். மூன்று சுற்றிலும் 0, 0, 0 என்று நின்றால் தவறு பளிச்சென்று தெரியும், எதிர்ம எண்களைக் கொடுக்கத் தோன்றியிருந்தால். இணையவழிக் கல்வித் தளமான கான் அகாடமியின் நேரலை நிரலாக்கத் திரையை (நிரலை மாற்றியதும் படம் உடனே மாறும் திரையை) அவர் விமர்சிக்கும் பகுதி இன்றும் கூர்மை: எண்ணை இழுத்துப் படம் மாறுவதைப் பார்ப்பது மட்டும் புரிதல் ஆகாது. அவருடைய எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் படம் வரையும் நிரல்கள் என்பதுதான் குறை. தரவுத்தளத்துக்காகக் காத்துக் கிடக்கும் நிரலை அப்படிக் காட்டுவது எளிதல்ல. காணொளித் துண்டுகள் உள்ளதால் பெரிய திரையில் படியுங்கள்.

நார்விக்கைத் தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். பத்து ஆண்டு என்பது மிரட்டல் இல்லை. தன் திறனுக்குச் சற்று மேலான வேலையை எடுத்து, செய்து, திருத்துவதே அவர் சொல்லும் பயிற்சி. என் கணிப்பில் அங்கே மறுபடி படிக்க வேண்டியது, கணினியின் ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்ற அட்டவணை: நினைவகத்திலிருந்து எடுக்க 100 நானோ நொடி, வன்தட்டில் தேட 8 மில்லி நொடி, அதாவது 80,000 மடங்கு. சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. வந்தபின் இந்த இடைவெளி சுருங்கிவிட்டது. உங்கள் கணினியில் அளந்து எண்களை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

பாடம் எடுப்பவர் விக்டரில் தொடங்கலாம். இரண்டு மூன்று ஆண்டு நிரல் எழுதியவருக்கு டைக்ஸ்ட்ரா. முதல் மாதத்தில் இருப்பவரிடம் டைக்ஸ்ட்ராவைக் கொடுக்காதீர்கள். ஓடாத மொழியைக் கண்டதும் ஓடிவிடுவார்.