பாயச வாசனை டீயா, பருத்திப்பாலா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டம்ளர் காபி உள்ளே போகாவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. குடிப்பது எட்டு மணிக்கு. உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். நடுராத்திரி ஒரு மணிக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்துவிட்டு, தூங்கா நகரம் என்று மதுரைமேல் பழி போடுவதில் நியாயமில்லை. அதனால் இனிப்புப் பலகார வாசனையோடு வரும் மூலிகை டீயில் இரண்டு வகை வாங்கினேன். போட்டிக்கு நம்மூர் சுக்கு மல்லிக் காபியும் பருத்திப்பாலும்.

முதலில் சாக்லேட் டீ. கொக்கோ கொட்டையை வறுத்து உடைக்கும்போது உதிரும் தோல்தான் இதில் முக்கியச் சரக்கு. கஃபீன் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் காபிக்கு முன்னால் அது தூசு. கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்தேன். தட்டைத் திறந்ததும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை, பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி. வாயில் வைத்தால் வறுத்த தோல் ஊறிய தண்ணீர். அடியில் பழுப்பாய் ஒரு வண்டல். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏத்தா, வாசனை இந்தா வருது, பாயசத்த எங்க?" என்றார். இந்த டீயைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை. ஒரு கல் உப்புப் போட்டால் கசப்பு கொஞ்சம் அடங்குகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, கேரமல் வாசனை ரூயிபோஸ். பெயர்தான் டீ, தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவே கிடையாது. தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பக்கம் வளரும் ஒரு புதர். ஊசி ஊசியான இலைகளை நறுக்கி, நசுக்கி, குவித்துப் போட்டால் தானாகச் சிவக்கும். கஃபீன் சுத்தமாகக் கிடையாது. துவர்ப்பும் குறைவு. நமக்குத் தோதான குணம் இதுதான்: டீத்தூளை அதிகநேரம் கொதிக்கவிட்டால் நாக்கைப் பிடிக்கும், இதை எவ்வளவு காய்ச்சினாலும் கடுக்காது. அட்டையில் 'வெந்நீரில் ஊறவையுங்கள்' என்றுதான் போட்டிருக்கிறது. அப்படிக் குடித்தபோது மரப்பட்டைக் கஷாயத்தில் மிட்டாய்த்தாளை நனைத்த மாதிரி இருந்தது. மறுநாள் நம் வழக்கப்படி இரண்டு பையைப் பிரித்துக் கொட்டி, அரை டம்ளர் தண்ணீரில் 7 நிமிடம் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, கருப்பட்டியும் போட்டேன். திரிந்துபோனது. கருப்பட்டியைப் பால் கொதிக்கும்போது போடக்கூடாது என்று தெரிந்தும் செய்தேன், யாரை நோக? அடுத்த முறை அடுப்பை அணைத்து, ஆறவிட்டுப் போட்டேன். செங்கல் நிறத்தில், கேரமலும் கருப்பட்டியும் எது எதுவென்று தெரியாமல் கலந்து, உண்மையிலேயே ஒரு பலகாரம் தின்ற திருப்தி. அத்தைக்குச் சர்க்கரை என்பதால் அவருக்குக் கருப்பட்டி இல்லாமல் வெறும் பாலோடு. குறை சொல்லாமல் குடித்தார். அதுவே பெரிய சான்றிதழ்.

சுக்கு மல்லிக் காபியை இந்த வரிசையில் வைப்பதே கொஞ்சம் அநியாயம். காபிக்கொட்டை ஒன்றுகூட இதில் கிடையாது, ஆகவே கஃபீனும் இல்லை. கல்யாண வீட்டுச் சாப்பாடு நெஞ்சில் நிற்கும் ராத்திரிக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் மிளகுக் காரம் தொண்டையில் இறங்கும்போது தூக்கம் வராது, தெம்புதான் வரும்.

பருத்திப்பால் வேறு சாதி. ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பால், கெட்டிக்கு அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், மேலே தேங்காய்ப்பூ. சாயங்காலம் தள்ளுவண்டி ஓரம் நின்று குடித்தால் கரண்டியால் வழிக்கவேண்டிய பதத்தில் இருக்கும். டீப் பை வாசனையாக மட்டும் காட்டுகிற பாயசம் இதில் நிஜமாகவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இது சாப்பாட்டுக்குப் பிந்திய பானம் இல்லை, சாப்பாடே இதுதான். இட்லி தின்ற வயிற்றில் இதையும் இறக்கிவிட்டுப் படுத்துப் பாருங்கள், காபியே தேவலை என்று தோன்றும்.

எனவே இப்போது திங்கள் முதல் வெள்ளிவரை கேரமல் ரூயிபோஸ், பாலில் காய்ச்சி. சனிக்கிழமை ராத்திரிச் சமையலை நிறுத்திவிட்டுத் தூக்குவாளியோடு பருத்திப்பால் வண்டிக்குப் போகிறேன். சாக்லேட் டீயில் இன்னும் பதினெட்டுப் பை மிச்சம். பிரித்துத் துணி அலமாரியில் வைத்திருக்கிறேன், சேலையெல்லாம் கேக் மணக்கிறது.