மாடிக்கு நெட் கொண்டுபோக எது சரி: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, கேபிளா?

கீழ்வீட்டு ஹாலில் ஃபைபர் ரவுட்டர். மாடி அறையில் வைஃபை ஒரே கோடு. சென்னைத் தனி வீடுகளில் இது சகஜம். குறுக்கே நிற்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அதைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 2.4 ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல் வேறு.

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் மலிவு, பத்து நிமிட வேலை. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரகத்தில் வேகம் பாதியாகிவிடும். சிக்னலே எட்டாத அறையில் செருகிப் பயனில்லை. மாடிப்படித் திருப்பம் தோதான இடம்.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் அதைவிட மேல். வீடு முழுக்க ஒரே பெயர், நடந்துகொண்டே வீடியோ கால் பேசலாம். ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசினால், அதே தளம் அங்கேயும் குறுக்கே வரும். சுவரில் துளை போட ஓனர் விடாத வாடகை வீட்டுக்கு மெஷ்தான்.

கரண்ட் ஒயர் வழியே நெட் அனுப்பும் பவர்லைன், த்ரீ ஃபேஸ் வீட்டில் கீழும் மேலும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் காலை வாரும்.

சொந்த வீடு என்றால் தயங்காமல் கேபிள் இழுங்கள். ஒரு மாடிக்கு 20 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் பெரும்பாலும் போதும். ரிச்சி தெருவில் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் எளிதில் முறியும். வெளிச்சுவரில் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறை அவசியம். துளைக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் கேபிள் வழியே வீட்டுக்குள் வரும். கரண்ட் பைப்புக்குள் மட்டும் சேர்த்து நுழைக்க வேண்டாம்.

மறுமுனைக்குப் பழைய ரவுட்டரே போதும். கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 என்ற முகவரி கொடுங்கள். கீழ் ரவுட்டர் பகிரும் முகவரி வரிசையை 100லிருந்து தொடங்க வையுங்கள். மாடி ரவுட்டரில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதியை, அணையுங்கள். மறந்தால் இரண்டும் முகவரி கொடுக்கும், சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. கேபிளை ‘லேன்’ போர்ட்டில் செருகுங்கள். ‘வான்’ போர்ட்டில் செருகினால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே இருப்பவர் மாடியிலுள்ள பிரிண்டரைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு; 2.4 சேனல் மட்டும் கீழே 1, மேலே 11.

300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் மாடியில் 95ஐத் தாண்டவில்லையா? கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு இழையும் வேண்டும்; ஒன்று பிளக்கில் சரியாக அழுந்தி கிரிம்ப் ஆகாவிட்டாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். பிளக்கை வெட்டி மறுபடி அடியுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் பழைய ரவுட்டரின் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம்.

கரண்ட் போனாலும் மாடியில் நெட் வேண்டும் என்றால் இரண்டு ரவுட்டருக்குமே மினி யுபிஎஸ் வேண்டும். வாங்கும் முன் அடாப்டரைப் பாருங்கள்: 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.