இயந்திர டயாலிசிஸ், வயிற்று டயாலிசிஸ்: அழற்சி எங்கே தொடங்குகிறது?

மலையோரப் பேச்சிப்பாறைப் பகுதியிலிருந்து வாரம் 3 முறை நாகர்கோவிலுக்கு வந்து, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் ஹீமோடயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிப்பது) செய்துகொள்பவரின் இரத்தம் அதை வடிகட்டும் செயற்கைச் சவ்வைத் தொடுகையில், உடல் அந்தச் சவ்வை அந்நியப் பொருளாகவே கருதுகிறது. மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. பழைய செல்லுலோஸ் சவ்வுகளில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே நியூட்ரோஃபில்கள் என்ற மற்றொரு வகை வெள்ளணுக்கள் நுரையீரலில் தேங்கி, இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. இன்றைய சவ்வுகளில் இது வெகுவாகக் குறைந்துள்ளது. இரத்தத்தை எடுக்கக் கழுத்துச் சிரையில் செருகும் குழாயைவிட, கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவில் கிருமித்தொற்று குறைவு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸில் இரத்தம் இயந்திரத்துக்குள் செல்வதில்லை, பயணமும் மிச்சம். ஆனால் கழிவை ஈர்க்க வயிற்றறைக்குள் விட்டு வடிக்கும் குளுக்கோஸ் திரவம், அந்த அறையின் உட்புறச் சவ்வான உள்ளுறையை நாளடைவில் பாதிக்கிறது. வடியும் திரவம் கலங்கி, 1 மைக்ரோலிட்டரில் 100-க்கு மேல் வெள்ளணுக்களும் அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களும் இருந்தால், உள்ளுறையில் தொற்று எனக் கருதி உடனே சிகிச்சை தொடங்க வேண்டும்; மலையோரக் குடும்பங்கள் மழைக்கால இரவில் மருத்துவமனை சேரும் வழியை முன்பே உறுதிசெய்துகொள்வது அவசியம்.