கொய்ங் சத்தமா, கடகட சத்தமா: நெடுந்தூர பைக்கில் எதோடு குடித்தனம் நடத்தலாம்?

பைக் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், பவர் கேட்பார்கள், சீட் உயரம் கேட்பார்கள். சத்தத்தைப் பற்றிக் கேட்டால் அது பெரும்பாலும் சைலன்சர் சத்தமாகத்தான் இருக்கும். ஆனால் விடிகாலை நாலு மணிக்குச் சென்னையில் கிளம்பி, சாயங்காலம் கன்னியாகுமரியில் ஸ்டாண்ட் போடுகிறவனுக்கு சைலன்சர் ஒரு பொருட்டே இல்லை. அது பின்னால் வருகிறவன் பாடு. நம் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிற இன்ஜின் இருக்கிறதே, அதோடுதான் நமக்குக் குடித்தனம்.

என்னிடம் 400 சிசி சிங்கிள், அதாவது ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். 5,000 ஆர்பிஎம்மைத் தொட்டதும் மிக்ஸியை அடுத்த வீட்டில் ஓட்டுவது போல ஒரு கொய்ங். முதல் இரண்டாயிரம் கிலோமீட்டர் அதை நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் விழுப்புரம் தாண்டிக் கவனித்தேன், அதோடு சரி, அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. சர்வீஸில் கேட்டால் "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்." கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி ஒவ்வோர் இடமாகக் கேட்டுவிட்டு, "ப்ரைமரி கியர் தம்பி, இன்ஜினையும் கிளட்ச்சையும் சேர்க்குமே, அதுதான், ஒண்ணும் ஆகாது, ஓட்டு" என்றார். சர்வீஸில் சொன்னதும் இதையேதான். ஆனால் இவர் கேட்டுவிட்டுச் சொன்னார்.

எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், ஏற்கெனவே இருக்கிற வண்டியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை. காலியான ரோட்டில் அந்தச் சத்தம் வரும் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை விட்டு கிளட்ச்சைப் பிடியுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கும், வண்டி மட்டும் உருளும். சத்தம் இன்ஜினோடு சேர்ந்து இறங்கினால் அது ப்ரைமரி கியர், உலுக்கலைக் குறைக்கும் பேலன்சர், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பக்கத்து விவகாரம். வண்டியோடு சேர்ந்து தொடர்ந்தால் செயின், டயர், வீல் பேரிங். பாதிப் பேர் இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டு திரிவார்கள், கடைசியில் பார்த்தால் செயினை யாரோ கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள், இல்லை மண் ரோட்டுக்கான கட்டை வைத்த டயர் 80 கிலோமீட்டரில் ஊளையிட்டுக்கொண்டிருக்கும்.

கொய்ங் எப்படி வருகிறது? கார் ரிவர்ஸ் எடுக்கும்போது உய்ங் என்று ஒரு சத்தம் வருமே, அதே கதைதான். நேராக வெட்டிய பற்கள் கொண்ட கியரில் ஒரு பல் இன்னொரு பல்லை முழு அகலத்துக்கும் ஒரே அடியாகச் சந்திக்கும். சாய்வாக வெட்டினால் ஒரு ஓரத்தில் தொட்டு மறு ஓரம் வரை வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் குறையும், ஆனால் பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்க பேரிங் வேண்டும். பல காரின் ரிவர்ஸ் கியர் நேர்ப்பல், அதனால்தான் அந்தக் கத்தல்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு இதுதான் கண் திறந்தது. 5,000 ஆர்பிஎம் என்றால் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் விநாடிக்கு 83 சுற்று. கிராங்க் முனையில் உள்ள கியருக்கு 30 பல் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 2,500 சந்திப்பு, அதாவது 2,500 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது சுமாராக 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. சரியாக அதற்குள்ளே வந்து விழுகிறது! அதே வேகத்தில் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிளில் பெட்ரோல் வெடிப்பது விநாடிக்கு 42 தடவைதான். அதைக் காது கேட்பதைவிட உள்ளங்கையும் உட்காரும் இடமும்தான் அதிகம் கேட்கும். ஆக, கொய்ங் என்பது காதின் தொல்லை, அதிர்வு என்பது உடம்பின் தொல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டு "வண்டி ரொம்பச் சத்தம்" என்று சொல்வதால்தான் பலர் தப்பான வண்டியை விற்றுவிட்டுத் தப்பான வண்டியை வாங்குகிறார்கள்.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

காற்றில் குளிரும் பெரிய சிங்கிள்

இதன் தாத்தா நம்ம ஊர்க்காரர். 1950-களிலேயே திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு புல்லட் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் வால்வைத் திறக்கும் சாமான்களான புஷ்ராட் ஏறி இறங்கும், டேப்பெட் தட்டும், கேமைச் சுற்றும் கியர்கள் முனகும், ப்ரைமரி செயின் சலசலக்கும். ஆனால் அதெல்லாம் அந்த டப் டப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பிறகு இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வந்த யூசிஇ இன்ஜினில், இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் வைத்ததும் தட்டும் சத்தம் காணாமல் போயிற்று. பழைய ஆட்கள் சிலர் அதற்கும் வருத்தப்பட்டார்கள். அவர்களைத் திருப்திப்படுத்த ஆண்டவனாலும் முடியாது.

2016-ல் வந்த ஹிமாலயன் 411 இதே குடும்பத்தின் பட்டணத்துப் பிள்ளை. மேலே கேம், உள்ளே பேலன்சர் ஷாஃப்ட், 24 குதிரைத்திறன் சொச்சம், 32 நியூட்டன் மீட்டர். இந்த ரகத்தின் குரல் கடகட ரகம், தையல் மிஷின் என்பார்கள். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இல்லாததால் உள்ளே நடப்பது அப்படியே வெளியே வரும், சூட்டை வெளியேற்றும் ஃபின் தகடுகளும் தம் பங்குக்கு மணி மாதிரி ஒலிக்கும். சில வண்டிகளில் ஃபின்களுக்கு நடுவே சின்ன ரப்பர் கட்டைகள் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். நல்ல விஷயம், டேப்பெட் ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்தது. இன்ஜின் ஆறியிருந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றை வைத்துச் சரிசெய்துவிடுவார். ரொம்ப இறுக்கி "சைலண்ட்" ஆக்கித் தரச் சொல்லாதீர்கள். தட்டுகிற டேப்பெட் பரவாயில்லை, இடைவெளியே இல்லாத டேப்பெட்தான் வால்வை எரிக்கும்.

80-ல், 90-ல் போகிறவர்களுக்கு இது நல்ல துணை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அந்தக் கடகட எனக்குப் பிடிக்கும். 110-க்கு மேல் போக வேண்டும் என்றால் இதை வாங்கிவிட்டு அப்புறம் திட்டாதீர்கள்.

தண்ணீரில் குளிரும் துடியான சிங்கிள்

கேடிஎம் 390 அட்வென்ச்சர், பஜாஜ் டாமினார் 400, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எல்லாம் இந்தப் பக்கம். 2020-ல் இங்கே வந்த 390 அட்வென்ச்சர் 373 சிசியில் 43 குதிரை, 2019-க்குப் பிறகான டாமினார் கிட்டத்தட்ட அதே சிசியில் 40, ஹிமாலயன் 450 452 சிசியில் 40. இவ்வளவு சின்னப் பானையில் இவ்வளவு சோறு வேக வேண்டும் என்றால் அடுப்பை வேகமாக எரிக்கத்தான் வேண்டும், அதாவது ஆர்பிஎம் ஏறும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் டேப்பெட் சத்தத்தையும் வெடிப்பையும் அமுக்கிவிடுகிறது. மிஞ்சி நிற்பது கியரின் கொய்ங்தான், மறைக்க வேறு சத்தம் இல்லாததால் அம்மணமாகக் கேட்கும். பிஎஸ்6 புகை விதிக் காலத்து அடக்கமான சைலன்சர் வேறு. டிராஃபிக்கில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் தன் பங்குக்கு ஒரு சுருதி சேர்க்கும்.

இந்த ரகத்தில் என் புகார் கொய்ங்கில் இல்லை. பேலன்சர் ஷாஃப்ட் ஒன்று வைத்தால் கிராங்க்கோடு ஒரு சுற்றுக்கு ஒரு முறை வரும் உலுக்கலை அமுக்கலாம். ஆனால் சுற்றுக்கு இரண்டு முறை வரும் உலுக்கல் அப்படியேதான் இருக்கும். 7,000 ஆர்பிஎம்மில் அது விநாடிக்கு 230-ஐத் தாண்டும். ஃபுட்பெக்கிலும் ஹேண்டில்பாரிலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறும், உளுந்தூர்ப்பேட்டை வருவதற்குள் சுண்டுவிரல் மரத்துவிடும். இதைக் காதடைப்பான் எதுவும் ஒன்றும் செய்யாது. டெஸ்ட் ரைடில் ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் இது தெரியவும் தெரியாது. கெஞ்சியாவது ஹைவேயில் அரை மணி நேரம், நீங்கள் வழக்கமாகப் போகும் அதே வேகத்தில் பிடித்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அதிர்வு வேகம் உண்டு. அது உங்கள் வேகமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரட்டை சிலிண்டர்

2018-ல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 இதில் பெரிய மாற்றம். 648 சிசி, 47 குதிரை, 270 டிகிரி கிராங்க். இரண்டு பிஸ்டனும் கால் சுற்று தள்ளித் தள்ளி நிற்பதால், மேலே சொன்ன சுற்றுக்கு இரண்டு முறை உலுக்கல் ஒன்றையொன்று அடித்துப்போடுகிறது. மீதியைப் பேலன்சர் பார்த்துக்கொள்கிறது. வெடிப்பின் தாளமும் சீராக இல்லாமல் இரண்டு சிலிண்டரை V வடிவில் வைத்த வி-ட்வின் மாதிரி தத்தித் தத்தி வரும். காவாசாகி வெர்சிஸ் 650-ல் 180 டிகிரி கிராங்க், அங்கே தாளம் வேறு, கணக்கும் வேறு. சுற்றுக்கு ஒரு முறை வரும் உலுக்கல் ரத்தாகி, இரண்டு முறை வருவது மிஞ்சும்.

இன்டர்செப்டரிலும் கியர் முனகல் இல்லாமல் இல்லை. ஆனால் 100-ல் போகும்போது அது கேட்காது, ஏனென்றால் அந்த வண்டிக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடியே கிடையாது, எதிர்காற்று நேராக நெஞ்சிலும் ஹெல்மெட்டிலும் வந்து அறைகிறது. இன்ஜின் சத்தத்துக்கு இப்படியும் ஒரு மருந்து!

ஒரு கிளைக்கதை. ஹோண்டாவின் விஎஃப்ஆர் 800-இல் முதலில் கேமைக் கியர்களே சுற்றின, செயின் இல்லை. அந்த ஊளை பிரசித்தம். 2002-ல் விடெக் என்ற வால்வு நுட்பம் வந்தபோது செயினுக்கு மாற்றினார்கள். எத்தனையோ விஎஃப்ஆர்க்காரர்கள் அந்த ஊளை போய்விட்டதே என்று இன்றைக்கும் புலம்புகிறார்கள். ஒருவன் காசு கொடுத்து ஒழிக்க நினைப்பதை இன்னொருவன் தேடி அலைகிறான்.

வண்டியை மாற்றாமல் என்ன செய்யலாம்

இங்கே என் தீர்ப்பு ஒருதலைப்பட்சமானது. ஃபோம் காதடைப்பான். ஒரு டீ, வடை விலைதான். உறையில் 29 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும், அவசரமாகச் செருகினால் அதில் பாதி கூடக் கிடைக்காது. நன்றாக உருட்டி மெலிதாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் பிடிக்க வேண்டும். இது மெல்லிய கீச்சுச் சத்தங்களைக் கனத்த சத்தங்களைவிட அதிகமாக வெட்டும். ஆகவே கொய்ங் போய்விடும், டப் டப் மிச்சம் இருக்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?

கொய்ங்குக்காக இல்லாவிட்டாலும் காற்றுக்காக அதைப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 95 டெசிபலும் அதற்கு மேலும் சாதாரணம். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். ராத்திரி லாட்ஜில் படுத்ததும் காதுக்குள் ஈ பறக்கிறதே, அது வண்டியின் வேலை இல்லை, காற்றின் வேலை.

விண்ட்ஷீல்டைப் பெரும்பாலோர் முதலில் வாங்குகிறார்கள், எனக்கு அது மூன்றாவது. உயரம் தப்பினால் நெஞ்சில் அடித்த காற்றைச் சுருட்டிக் கொண்டுவந்து ஹெல்மெட்டில் உதறும், முன்பைவிட மோசம். ஆரல்வாய்மொழி கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே பக்கக்காற்றில் போய்ப் பார்த்தால் உங்கள் கண்ணாடியின் லட்சணம் தெரிந்துவிடும். இரண்டாவது இடம் கழுத்துத் துண்டுக்கு. நிறைய இரைச்சல் ஹெல்மெட்டின் அடிவழியாகத்தான் நுழைகிறது. ஒரு பருத்தித் துண்டைச் சுற்றி அந்த இடைவெளியை அடைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கெட்டி ஆயிலுக்கு மாற்றினால் கியர் ஊளை நிற்கும் என்பதை நம்பி நானும் காசைக் கரைத்திருக்கிறேன், இரண்டு நாள் மனசுக்கு நன்றாக இருக்கும். கார் ஆயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கிளட்ச் வழுக்கும். ஹெட்செட்டில் பாட்டை ஏற்றி வைப்பது 95 டெசிபலுக்கு மேல் இன்னும் கொஞ்சம் சேர்ப்பது. சைலன்சரை மாற்றி இன்ஜின் சத்தத்தை அமுக்கலாம் என்கிறவர்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் காத்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சாபம் தனி.

எந்தச் சத்தமும் பழகினது என்றால் விட்டுவிடலாம். நேற்று இல்லாதது இன்று வந்தால், அல்லது இருந்தது சுருதி மாறினால், அடைப்பானைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் அண்ணனிடம் போங்கள்.

அந்த 400 சிசியை விற்றுவிட்டு இப்போது இரட்டை சிலிண்டருக்கு வந்துவிட்டேன், விரல் மரத்ததால்தான், கொய்ங்கால் இல்லை. வாங்க வந்தது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிற ஒரு பையன். கொய்ங்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அண்ணே, டர்போ மாதிரி விசில் அடிக்குதுண்ணே" என்றான். விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை.